பதில் சொல்ல யார் இருக்கிறார்?



இந்த மாலையில் நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ரசிகரின் சந்தேகம். சின்ன வயதில் உயிராகப் பார்த்த கார்ட்டூன் தொடர் ஒன்று. அதை நடிகர் நடிகையரை வைத்துப் படமாக எடுக்கப்போவதாக ஒருநாள் அறிவிப்பு வருகிறது. கேட்ட ரசிகர் துள்ளிக் குதிக்க வேண்டும் அல்லவா? குதிப்பதில்லை. முகம் வாடுகிறது. டிரைலர் வரட்டும், பார்க்கலாம் என்கிறார். டிரைலர் வந்ததும், இவரா அவர் என்று கேட்கிறார். உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது. அந்த ரசிகரைப் பிடிவாதக்காரர் என்றும், புதுமையைத் தாங்காதவர் என்றும் ஏசுகிறார்கள். நான் அவருக்காக வாதாட வந்திருக்கிறேன்.

பெரியவர்கள் சிலருடைய மனத்தில், கார்ட்டூன் குழந்தைகள் சமாச்சாரம்தானே, அதற்கு ஒரு சொற்பொழிவா என்ற எண்ணம் எழலாம். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அண்ணமார் சாமி கதை குழந்தைகள் சமாச்சாரமா? அண்ணமாரான பொன்னரும் சங்கரும் அவர்கள் தங்கையும் குழந்தைகள் சமாச்சாரமா? இந்த மண்ணின் மிகப் பெரிய கதை, நம் காலத்திலேயே அனிமேஷன் தொடராகவும் வந்திருக்கிறது, நடிகர்கள் நடித்த படமாகவும் வந்திருக்கிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எடுக்கப்படவில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்று. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோடுகிற தகுதி, கோவையிலும் காங்கேயத்திலும் ஈரோட்டிலும் பிறந்தவர்களுக்கு இருப்பதுபோல் வேறு யாருக்கு இருக்கிறது?

முதலில் அந்த வேருக்குப் போவோம்.

1960-களின் நடுவில், பிரெண்டா பெக் என்ற இளம் மானுடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்துக்கு வந்து குடியிருந்தார். ஊரைப் படித்தார், உறவுமுறைகளைப் படித்தார். 1965-ல், ராமசாமி என்ற உடுக்கைப் பாட்டுக்காரரும் அவருடைய பின்பாட்டுக்காரரும் இரவு இரவாக அண்ணமார் கதையைப் பாடக் கேட்டு, அதை முழுவதுமாக டேப்பில் பதிவு செய்துகொண்டார். பின்னாளில் கனடாவில் பேராசிரியராகி, கொங்குச் சமூகத்தைப் பற்றி 1972-லும், இந்தக் கதையைப் பற்றி 1982-லும் நூல்கள் எழுதினார்.

இதில் ஒரு செய்தியை நீங்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பெக் அம்மையாரிடம் இருந்தது ஒரே வடிவம் அல்ல. அதே பாட்டுக்காரர், ஊர் கூடியிருக்கப் பாடியது ஒன்று. உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளப்பட்டது இன்னொன்று. ஆள் ஒருவர்தான், கதை ஒன்றுதான். ஆனாலும் இரண்டும் ஒன்றுபோல் இல்லை. எதிரே ஊர் இருக்கும்போது கதை ஒரு விதமாக நடக்கிறது, எழுதுகோல் இருக்கும்போது வேறு விதமாக நடக்கிறது. அந்த இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டே அவர் ஒரு நூல் எழுதினார்.

அப்படியானால், கதை மாறிவிட்டதே என்பதா ரசிகரின் குற்றச்சாட்டு? இல்லை. மாறாத கதை எங்கும் இருந்ததில்லை. உடுக்கையில் மாறியது, ஏட்டில் மாறியது, அச்சில் மாறியது. நம் பாட்டிமார் வாயில் அது ஊருக்கு ஊர் மாறியது. அதற்காக யாரும் சண்டைக்கு வரவில்லை. அப்புறம் ரசிகர் எதற்காகச் சந்தேகப்படுகிறார்? அதைத்தான் நாம் தேட வேண்டும்.

பெக் அம்மையார் அந்த ஒலிநாடாக்களைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அதே கதையை 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராக, 'த லெஜண்ட் ஆஃப் பொன்னிவளா' என்று தயாரித்தார். தமிழிலும் வந்தது, ஆங்கிலத்திலும் வந்தது, படக்கதைப் புத்தகங்களாகவும் வந்தது. பெரிய ஸ்டுடியோக்களின் வழவழப்பு அதில் இருக்காது. கனத்த கோடுகள், அழுத்தமான வண்ணங்கள், பொம்மலாட்டத்தை நினைவூட்டும் அசைவுகள். ஆனால் உட்கார்ந்து பார்த்தால், கொஞ்ச நேரத்தில் அந்த எளிமை கண்ணில் படுவதே நின்றுபோகிறது. காடு அழித்துக் கழனி ஆக்கிய மூதாதையர் வருகிறார்கள். பிள்ளை வரம் வேண்டித் தவம் கிடக்கும் தாமரை வருகிறாள். பொறுமைக்காரப் பொன்னர் வருகிறார், கோபக்காரச் சங்கர் வருகிறார். உடனிருந்து உழைக்கும் சாம்புவன் வருகிறார். வேடர் வளர்த்த கொம்பன் என்ற காட்டுப்பன்றி வருகிறது. அதனோடு மோத, பொன்னாச்சி என்ற சின்னஞ்சிறு பெண் நாய் வருகிறது.

இந்த நாயிடம் கொஞ்சம் நிற்போம். கொம்பனை வேட்டையாடக் கூட்டமாகக் கிளம்புகிறவர்கள் பொன்னாச்சியை அழைக்க மறந்துவிடுகிறார்கள். அதற்குக் கோபம். அவமானப்பட்டவளின் கோபம். அந்தக் கோபத்தால் வேட்டையே தடைபட்டு நிற்கிறது. வாள் பிடித்த வீரர்கள் ஒரு குட்டி நாயைச் சமாதானம் செய்தாக வேண்டும். பாட்டில் கேட்கும்போது இது நமக்கு வேடிக்கையாகப் படுகிறதா? இல்லை. கார்ட்டூனில் பார்க்கும்போது நம்ப முடியாமல் போகிறதா? இல்லை. ஏன் இல்லை?

பாட்டில் எல்லோரும் ஒரே குரலிலிருந்து பிறக்கிறார்கள். வீரனும் அந்தப் பாட்டுக்காரரின் குரல்தான், பன்றியும் அவர் குரல்தான், நாயும் தெய்வமும் அவர் குரல்தான். கார்ட்டூனில் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து பிறக்கிறார்கள். சங்கரை வரைந்த கோடுதான் பொன்னாச்சியையும் வரைந்தது. சாமியை வரைந்த கோடுதான் சாம்புவனையும் வரைந்தது. ஆகவே ஒரு நாய் மனிதனிடம் கோபித்துக்கொண்டால் அது இயற்கை, தெய்வம் இறங்கி வந்து வயலில் நின்றால் அதுவும் இயற்கை.

நடிகரை வைத்துப் படம் எடுக்கும்போது என்ன ஆகிறது? வீரன் இரத்தமும் சதையுமாக நிற்கிறார். அவர் எதிரே கணினியில் செய்த பன்றி நிற்கிறது. பன்றி எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் அது வேறு பொருளால் ஆனது. நம் கண் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. மனிதன் ஒரு பக்கம், விலங்கும் தெய்வமும் இன்னொரு பக்கம் என்று கதை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ரசிகர் டிரைலரைப் பார்த்து, என்னவோ சரியில்லை என்கிறாரே, அந்த 'என்னவோ' இந்தப் பிளவுதான் என்பது என் கணிப்பு. அவர் கண் பழுதில்லாமல் வேலை செய்கிறது. அதற்காக அவரை ஏசலாமா?

இப்போது படத்துக்கு வருகிறேன். கலைஞர் மு. கருணாநிதி இந்தக் கதையைப் 'பொன்னர் சங்கர்' என்று நாவலாக எழுதினார். அவர் பகுத்தறிவாளர். தெய்வ அற்புதங்களை ஒதுக்கி, வரலாற்று நாவலின் நடையில் எழுதினார். அது அவருடைய கொள்கை, அதை ஒளிக்காமல் செய்தார். அந்த நாவலை வைத்துத் தியாகராஜன் இயக்க, அவர் மகன் பிரசாந்த் இரண்டு வேடங்களிலும் நடிக்க, இளையராஜா இசையமைக்க, 2011 ஏப்ரலில் படம் வந்தது. பிரபு, ராஜ்கிரண், நாசர், பிரகாஷ்ராஜ், ஜெயராம், குஷ்பு, சினேகா என்று பெரிய நடிகர் பட்டாளம். பார்த்துப் பார்த்துச் செய்த அரங்குகள்.

உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். இரட்டையராக ஒருவரே நடித்ததிலும் குறை இல்லை. கதையில் அவர்கள் ஒன்றாகப் பிறந்தவர்கள்தானே. ஆனாலும் படம் ஓடவில்லை. நம் ஊர் கோயில்களில் அண்ணமாருக்குப் பொங்கல் வைக்கிற குடும்பங்கள், அந்தப் படத்தை வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளவில்லை. கடவுளை நீக்கியதாலா? அது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. என் மனத்தில் தைத்தது வேறு. இது நிலத்தின் கதை. ஏர் பிடித்தவன், கிணறு வெட்டியவன், பஞ்சத்தில் ஊர் விட்டு ஊர் போனவன், பங்காளிப் பகையில் பிள்ளையைப் பறிகொடுக்கப் பார்த்தவள், இவர்கள் கதை. படத்தில் திரையை நிறைப்பது அரண்மனை. பொன்னாபரணம். பட்டாளம். எந்த நாட்டு மன்னனின் படத்துக்கும் பொருந்துகிற பிரம்மாண்டம். கதை தன் அளவை நிலத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. படம் தன் அளவை மற்றப் படங்களிலிருந்து எடுத்துக்கொண்டது.

வேடர் பக்கத்தையும் மறக்கக் கூடாது. காடு அவர்களுடையது. கலப்பை அந்தக் காட்டைத் தின்றுகொண்டே போகிறது. தங்கை ஆசைப்பட்டாள் என்று காட்டுக் கிளியைப் பிடித்து வருகிறார்கள், அதிலிருந்து பகை மூள்கிறது. இரவு முழுக்கப் பாடுகிறவருக்கு இரண்டு பக்கத்து நியாயத்தையும் சொல்ல நேரம் இருக்கிறது. 26 பகுதி ஓடுகிற தொடருக்கும் நேரம் இருக்கிறது. ஒரே மூச்சில் முடிகிற சினிமாவுக்கு வில்லன் வேண்டும். வில்லன் வந்துவிட்டால் நியாயம் போய்விடும்.

இந்த அனுபவம் நமக்கு மட்டுமா? புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்தவர் ஹாலிவுட் இயக்குநர் மனோஜ் நைட் ஷியாமளன். அவர் தாயார் தமிழர். உலகக் குழந்தைகள் கொண்டாடிய 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரை 2010-ல் அவர் படமாக்கினார். தொடரின் முதல் பருவம் 20 பகுதிகள். படம் 103 நிமிடம். ஆசியப் பண்பாட்டில் ஊறிய பாத்திரங்களுக்கு வெள்ளைக்கார நடிகர்களைப் போட்டார்கள் என்று படம் வருவதற்கு முன்பே ரசிகர்கள் எதிர்த்தார்கள். வந்தபிறகு அந்த எதிர்ப்பு தவறு என்று யாரும் சொல்ல முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு 'டிராகன்பால்' படம் வந்தது. அதன் திரைக்கதையாசிரியரே சில ஆண்டுகள் கழித்து ரசிகர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2021-ல் 'கவ்பாய் பீபாப்' கார்ட்டூன் நடிகர்களை வைத்த தொடராக வந்தது, ஒரே பருவத்தோடு நிறுத்தப்பட்டது.

இப்படி அடிபட்ட ரசிகர் மறுபடியும் சந்தேகப்படாமல் என்ன செய்வார்?

ஆனால் 2023-ல் ஒன்று நடந்தது. 'ஒன் பீஸ்' தொடரை நடிகர்களை வைத்து எட்டுப் பகுதிகளாக எடுத்தார்கள். ரப்பர் மாதிரி கை நீளுகிற நாயகன்! இதை மனிதரை வைத்து எப்படி எடுப்பது? உலகம் முழுக்க ரசிகர்கள் பயந்தார்கள். வந்தது, வென்றது. என்ன வித்தியாசம்? கதையைப் படைத்த எய்ச்சிரோ ஓடா தயாரிப்பில் கூடவே இருந்தார். தனக்குத் திருப்தி வராமல் வெளியிட மாட்டோம் என்று ரசிகர்களுக்கே எழுதிச் சொன்னார். தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்று ரசிகருக்குத் தெரிந்திருந்தது. பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார்.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். ரசிகரின் சந்தேகம், மூக்கு அப்படியே இருக்கிறதா, முடி அதே நிறமா என்பதில் தொடங்கலாம். அதன் அடியில் இருப்பது வேறு கேள்வி. இந்தக் கதைக்காக எங்களுக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்?

உடுக்கைப் பாட்டில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பாட்டுக்காரர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார். ஓர் இடத்தை விட்டுவிட்டால் முன்னால் இருக்கிற பெரியவர் எடுத்துக் கொடுப்பார். சரியாகப் பாடாவிட்டால் அடுத்த வருஷம் ஊர் அவரை அழைக்காது. அவர் எதை மாற்றினாலும் அந்த ஊரின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் மாற்றுவார்.

படுகளத்தை எண்ணிப் பாருங்கள். வீரப்பூரில் மாசித் திருவிழாவில் நடக்கிறது, கொங்கில் எத்தனையோ ஊர் நோன்பிகளில் நடக்கிறது. கதையின் கடைசிப் போரில் வீரர்கள் சாய்ந்த இடம் படுகளம். அதை யார் நடித்துக் காட்டுகிறார்கள்? நம் வீட்டுப் பிள்ளைகள். உடுக்கை ஏற ஏற, அருள் வந்து, ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். வரிசையாகக் கிடத்தி வைக்கிறார்கள். தங்கை வந்து அழுது தண்ணீர் தெளித்து எழுப்புகிறாள். சுற்றி நிற்கிற தாய்மார்கள் கண்ணீர் விடுகிறார்கள்.

கேட்கிறேன். இது என்ன? இரத்தமும் சதையுமான மனிதர்கள் பழைய கதையை நடித்துக் காட்டுவதுதானே இது? இன்றைக்கு லைவ் ஆக்‌ஷன் என்கிறோமே, அது நம் ஊரில் நேற்று வந்ததா? அரங்கு இல்லை, கணினி இல்லை, ஆபரணம் இல்லை. சாய்ந்து கிடக்கும் பையனுக்கும் கதையில் வரும் சங்கருக்கும் முகச்சாயலில் எந்த ஒற்றுமையும் இல்லை. ஆனாலும், இவனா சங்கர் என்று அங்கே யாராவது கேட்டதுண்டா? கேட்டதில்லை. அவன் விரதம் இருந்து வந்திருக்கிறான். அவன் யார் மகன் என்று எல்லோருக்கும் தெரியும். நாளைக் காலையில் அதே தெருவில் அவன் நடந்தாக வேண்டும்.

படுகளத்தில் அழுத அதே பாட்டிதான், தியேட்டரில் கையைக் கட்டிக்கொண்டு சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். நம்ப முடியாத பிறவி அல்ல அவர். நம்பத் தெரிந்தவர். எங்கே நம்புவது என்று தெரிந்தவர்.

இந்த நம்பிக்கையைப் பெறச் சினிமாவால் முடியாதா? முடியும். இதே கோவையில் முடிந்திருக்கிறது. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் 'மலைக்கள்ளன்' நாவலை, பட்சிராஜா ஸ்டுடியோவில் ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல் படமாக்கினார். கொங்கு நாட்டு எழுத்தாளரின் கதை, கொங்கு நாட்டு ஸ்டுடியோவில். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். நாவல் படித்தவர்களும் ஏற்றார்கள், படிக்காதவர்களும் ஏற்றார்கள். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. எழுதியவரும் எடுத்தவரும் பார்த்தவரும் ஒருவருக்கொருவர் எட்டும் தூரத்தில் இருந்த காலம்.

சந்தேகம் தளர்ந்ததையும் பார்த்திருக்கிறோம். கல்கி இதழில் மணியம் வரைந்த வந்தியத்தேவனை மனத்தில் வைத்திருந்தவர்கள், 2022-ல் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' வரும்வரை எத்தனை கேள்வி கேட்டார்கள்! கார்த்தி குதிரையில் வந்ததும் பல வீடுகளில் அந்தக் கேள்விகள் ஓய்ந்தன. ஓயாத வீடுகளும் உண்டு. இருக்கட்டும். அவர்களும் கதைக்கு வேண்டியவர்களே.

இன்னும் ஒரு பெயர் சொல்ல வேண்டும். இரும்புக்கை மாயாவி. 1972-ல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த இங்கிலாந்துக்காரர். கொங்கு நாட்டில் அவருக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்பதை, ஆகஸ்ட் மாதம் ஈரோடு புத்தகத் திருவிழாவில் காமிக்ஸ் வாசகர்கள் கூடும் இடத்துக்குப் போனால் பார்க்கலாம். பேரனோடு வருகிற தாத்தாக்கள் அங்கே உண்டு. நம் கிணத்துக்கடவுக்காரரான இயக்குநர் லோகேஷ் கனகராஜ், அந்த மாயாவியைத் திரைக்குக் கொண்டுவரும் ஆசையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தாத்தாக்களின் நெற்றியும் சுருங்குகிறது. சுருங்கட்டும். அவர்களைச் சமாளிக்க வேண்டிய கூட்டமாக யாரும் நினைக்க வேண்டாம். முன்னால் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கிற பெரியவரின் இடத்தில் இன்று இருப்பவர்கள் அவர்கள்.

இந்த அரங்கில் குறும்படம் எடுக்கிற தம்பி தங்கைகள் இருக்கிறீர்கள். அனிமேஷன் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவர் அண்ணமார் கதையை மறுபடியும் எடுப்பார் என்று உறுதியாக நம்புகிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதத் தொடங்கும் முன் அந்தப் பொன்னிவளா தொடரை முழுதாகப் பாருங்கள். இன்றும் உடுக்கை எடுக்கிறவர்களைத் தேடிப் போய், விடிய விடியக் கேளுங்கள். பொன்னாச்சியை விட்டுவிடாதீர்கள். வேடர் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து கதை கேளுங்கள்.

படம் முடிந்ததும், முதல் காட்சியைச் சென்னை மல்டிபிளெக்ஸில் வைக்காதீர்கள். 1905-லேயே புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் நம் கோவைக்காரர். அவர் செய்ததை நீங்களும் செய்யலாம். காங்கேயம் பக்கம் ஏதாவது ஒரு கோயில் மைதானத்தில் திரை கட்டுங்கள். பாட்டுக்காரர்களை முன்னால் உட்கார வையுங்கள். படம் ஓடி முடிந்ததும் கேள்விகள் வரும். ஏனுங்க தம்பி, அந்த இடத்தை ஏன் விட்டுட்டீங்க என்று கேட்பார்கள். அப்போது தயாரிப்பாளரை அனுப்பாதீர்கள். நீங்களே எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்.